வேகம் இருந்தும் திறன்பேசியில் காணொலி நிற்பது ஏன்? பார்வையாளரின் மனநிறைவைத் தீர்மானிப்பவை எவை?

வேகப் பரிசோதனைச் செயலி நொடிக்கு 40 மெகாபிட் எனக் காட்டுகிறது. அதே திறன்பேசியில் கிரிக்கெட் நேரலையைத் திறந்தால், பந்துவீச்சாளர் ஓடிவரும் நேரத்தில் படம் உறைந்து, திரையின் நடுவே வட்டம் சுழலத் தொடங்குகிறது. இணையக் கட்டணத்தையும் ஓடிடி சந்தாவையும் தவறாமல் செலுத்தும் இந்தியப் பார்வையாளர்களுக்கு இது பழகிப்போன அனுபவம். காணொலியின் தரம் குறித்த ஆய்வுகள் இதற்குத் தெளிவான விளக்கம் தருகின்றன. பார்வையாளரை அதிகம் எரிச்சலூட்டுவது படத்தின் மங்கலைவிட, படம் நின்றுபோவதுதான். படம் நிற்காமல் ஓடுவதற்கு அதிக வேகத்தைக் காட்டிலும் சீரான வேகமே தேவை.

இரண்டு வகைத் தரம்

தொலைத்தொடர்புத் துறையில் தரம் இரண்டு விதமாக அளக்கப்படுகிறது. வேகம், தாமதம், தரவுப் பொதி இழப்பு போன்ற வலையமைப்பின் அளவுகள் 'சேவைத் தரம்' எனப்படுகின்றன. அதே சேவையைப் பயன்படுத்துபவர் உணர்வது 'அனுபவத் தரம்'. ஐ.நா.வின் சிறப்பு அமைப்பான சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம், பயனாளர் அடையும் மகிழ்ச்சி அல்லது எரிச்சலின் அளவு என்று அனுபவத் தரத்தை வரையறுக்கிறது. தொழில்நுட்ப ஆவணங்களில் இப்படி மனித உணர்வைக் குறிக்கும் சொற்கள் இடம்பெறுவது அரிது.

இந்த உணர்வை எண்ணாக மாற்ற, பார்வையாளர்களைத் திரைமுன் அமர்த்தி 1 முதல் 5 வரை மதிப்பெண் வழங்கச் செய்வது பழைய முறை. 1 என்றால் மிக மோசம். 5 என்றால் மிகச் சிறப்பு. பலர் தரும் மதிப்பெண்களின் சராசரியே அந்தக் காணொலியின் தரமாகக் கொள்ளப்படுகிறது. ஒவ்வொரு முறையும் ஆள்களை வைத்துச் சோதிக்க இயலாது என்பதால், காணொலி எத்தனை முறை நின்றது, எவ்வளவு நேரம் நின்றது, படத்தின் தெளிவு எப்படி மாறியது ஆகியவற்றைக் கொண்டு அந்த மதிப்பெண்ணைக் கணிக்கும் பி.1203 என்ற தரநிலையையும் ஒன்றியம் வகுத்துள்ளது.

இரண்டு நொடிப் பொறுமை

பார்வையாளரின் பொறுமைக்கு எல்லை எவ்வளவு என்பதை அகாமய் நிறுவனத்தின் தரவுகளைக் கொண்டு 2012-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று அளந்து காட்டியது. 67 லட்சம் பார்வையாளர்கள், 2.3 கோடி முறை காணொலி பார்த்த பதிவுகள் அதில் ஆராயப்பட்டன. ஆய்வாளர்களில் ஒருவரான ரமேஷ் சீதாராமன், சென்னை ஐஐடியில் பயின்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றுபவர்.

காணொலி தொடங்க 2 நொடிகளுக்கு மேல் ஆனால் பார்வையாளர்கள் வெளியேறத் தொடங்குகின்றனர்; அதன் பிறகு ஒவ்வொரு நொடித் தாமதத்துக்கும் வெளியேறுவோரின் விகிதம் ஏறத்தாழ 5.8 சதவீதம் கூடுகிறது என அந்த ஆய்வு கண்டறிந்தது. காணொலியின் மொத்த நீளத்தில் 1 சதவீத அளவுக்குத் தடங்கல் ஏற்பட்டாலே, அவர்கள் பார்க்கும் நேரம் சுமார் 5 சதவீதம் குறைந்தது. இதற்கு ஓராண்டு முன்னர் வெளியான வேறோர் ஆய்வு, 90 நிமிட நேரலையில் தடங்கல் விகிதம் 1 சதவீதம் கூடினால் பார்வையாளர் 3 நிமிடங்களுக்கும் மேலாகக் குறைவாகப் பார்க்கிறார் எனத் தெரிவித்தது. படத்தின் தெளிவு, தொடங்கும் நேரம் உள்ளிட்ட அளவுகளைவிடத் தடங்கலின் பாதிப்பே பெரிது என்பதும் அதில் தெரியவந்தது.

2012 ஆய்வின் மற்றொரு முடிவு இந்தியச் சூழலுக்கு நெருக்கமானது. கண்ணாடியிழை இணைப்பு வைத்திருந்தவர்கள் மிக விரைவாகப் பொறுமை இழந்தனர். கைப்பேசி இணைப்பில் பார்த்தவர்களே அதிக நேரம் காத்திருந்தனர். நல்ல சேவைக்குப் பழகியவரின் எதிர்பார்ப்பு உயர்ந்துவிடுகிறது. எனவே, 'மனநிறைவு அடைந்தேன்' என ஒருவர் கூறுவதாலேயே அவருக்குக் கிடைத்த சேவை தரமானது என்று முடிவு செய்ய இயலாது. குறைவாக எதிர்பார்த்தவரும் நிறைவு அடையக்கூடும். செயலிக் கடைகளில் காணப்படும் நட்சத்திர மதிப்பீடுகளையும் இந்த எச்சரிக்கையுடன்தான் பார்க்க வேண்டியுள்ளது.

திரைக்குப் பின்னால் நடப்பது

இணையக் காணொலி ஒரே கோப்பாகத் திறன்பேசிக்கு வருவதில்லை. முழுக் காணொலியும் சில நொடிகள் நீளமுள்ள துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் 144பி, 240பி, 360பி, 480பி, 720பி, 1080பி எனப் பல தரநிலைகளில் முன்கூட்டியே தயாரித்து வைக்கப்படுகிறது. ஆப்பிள் நிறுவனம் 2009-இல் அறிமுகப்படுத்திய எச்.எல்.எஸ். முறையும், 2012-இல் சர்வதேசத் தரநிலையான டேஷ் முறையும் இந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன. அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்பதை நொடிக்கு நொடி முடிவு செய்வது திறன்பேசியில் உள்ள செயலியே. காணொலியின் நடுவே படம் திடீரென மங்கி, சற்று நேரத்தில் மீண்டும் தெளிவடைவது இதனால்தான்.

வந்து சேர்ந்த துண்டுகளைச் செயலி சிறிது நேரத்துக்கு இருப்பு வைத்துக்கொள்கிறது. தண்ணீர் வரத்து நின்றாலும் மேல்நிலைத் தொட்டி கொஞ்ச நேரம் தாங்குவதைப் போன்றது இது. தொட்டி வற்றும்போது படம் நிற்கிறது; 'பஃபரிங்' வட்டம் தோன்றுகிறது.

ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். நொடிக்கு 2.5 மெகாபிட் தேவைப்படும் தரத்தில் உள்ள 4 நொடித் துண்டின் அளவு 10 மெகாபிட். இணைப்பு 5 மெகாபிட் வேகத்தில் இருந்தால் அது 2 நொடியில் வந்துவிடும், இருப்பு கூடும். வேகம் 1 மெகாபிட்டாகச் சரிந்தால் அதே துண்டு வர 10 நொடிகள் ஆகும். 12 நொடி இருப்பு வைத்திருக்கும் செயலி முதல் துண்டைச் சமாளித்துவிடும். அப்போது கையில் இருப்பது 6 நொடி மட்டுமே. இரண்டாவது துண்டு வந்து சேர்வதற்குள் இருப்பு தீர்ந்து, படம் நின்றுவிடும். சரிவை உடனே கண்டுகொண்டு, அரை மெகாபிட் மட்டும் தேவைப்படும் தரத்துக்குச் செயலி இறங்கியிருந்தால், படம் மங்கியிருக்குமே தவிர நின்றிருக்காது.

வேகப் பரிசோதனை ஏமாற்றுவதும் இங்குதான். அருகிலுள்ள சர்வரைத் தேர்ந்தெடுத்து, ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து, சில நொடிகளில் கிடைக்கும் உச்ச அளவை அது காட்டுகிறது. அரை நிமிடம் 10 மெகாபிட், அடுத்த அரை நிமிடம் சுழியம் என மாறிமாறி வரும் இணைப்பின் சராசரி 5 மெகாபிட். அதில் நேரலை நின்று நின்றுதான் ஓடும். ஏற்ற இறக்கமின்றி 2 மெகாபிட் மட்டுமே தரும் இணைப்பில் 480பி காணொலி தடையின்றி ஓடும். ஒரு கோபுரத்தின் அலைக்கற்றையை அதன் எல்லைக்குள் இருக்கும் அனைவரும் பகிர்ந்துகொள்வதால், மாலை வேளையிலும் நெரிசலான ரயில் நிலையத்திலும் முதல் வகை இணைப்பே பலருக்கும் வாய்க்கிறது.

கண்ணுக்கு எட்டும் தெளிவு

அதிகத் தெளிவு எப்போதும் அதிக மனநிறைவைத் தருமா என்றால், சிறிய திரையில் அதற்கு விரைவிலேயே வரம்பு வந்துவிடுகிறது. இயல்பான பார்வை உள்ளவரின் கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு இடைவெளியைப் பிரித்தறியும். 6.5 அங்குலத் திறன்பேசியைக் கிடைமட்டமாகப் பிடித்தால் படத்தின் உயரம் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர். அதை 30 சென்டிமீட்டர் தொலைவில் வைத்துப் பார்ப்பவரின் கண்ணால் சுமார் 800 கோடுகளைத்தான் பிரித்தறிய முடியும்; 40 சென்டிமீட்டர் தொலைவில் 600 கோடுகள். ஆக, திறன்பேசித் திரையில் 720பி-க்கும் 1080பி-க்கும் இடையிலான வேறுபாடு மிகச் சிறிது. 4கே காணொலியால் கண்ணுக்குக் கூடுதல் பயன் இல்லை. தரவு மட்டும் கரையும்.

இந்தியாவில் 2019 ஜூலையில் திறன்பேசிக்கு மட்டுமான சந்தாவை நெட்பிளிக்ஸ் மாதம் 199 ரூபாய்க்கு அறிமுகப்படுத்தியது. 2021 டிசம்பரில் அது 149 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. அதில் காணொலியின் தரம் 480பி. பெரிய தொலைக்காட்சியில் குறையாகத் தெரியும் இந்தத் தரம், கையடக்கத் திரையில் பலருக்கும் போதுமானதாகவே அமைகிறது.

இதே தரம் ஒருமுறை நாடு முழுவதும் விதிக்கப்பட்டது. கரோனா பொதுமுடக்கம் தொடங்கவிருந்த 2020 மார்ச் 24 அன்று, நெட்பிளிக்ஸ், அமேசான், ஹாட்ஸ்டார், கூகுள், ஜீ, சோனி உள்ளிட்ட நிறுவனங்கள் கூடிப் பேசி, கைப்பேசி வலையமைப்புகளில் 480பி-க்கு மேற்பட்ட காணொலியை ஏப்ரல் 14 வரை வழங்குவதில்லை என முடிவெடுத்தன. வீடுகளில் முடங்கியவர்களால் வலையமைப்பு திணறிவிடக்கூடாது என்பதே நோக்கம். எல்லோருக்கும் சற்றுக் குறைந்த தெளிவு, ஆனால் யாருக்கும் தடங்கல் கூடாது என்ற கணக்கு அது.

ஒரு நாளைக்கு 1.5 ஜிபி

2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபின் தரவின் விலை சரிந்ததும், காணொலி திறன்பேசிக்கு இடம்பெயர்ந்ததும் தெரிந்த வரலாறு. 2022 அக்டோபர் 1 அன்று 5ஜி சேவை தொடங்கியது. எனினும் பார்வையாளரின் தேர்வைக் கட்டுப்படுத்துவது இன்றும் தினசரித் தரவு வரம்புதான்.

இரண்டரை மணிநேரத் திரைப்படம் ஒன்றை நொடிக்கு 1 மெகாபிட் தேவைப்படும் 480பி தரத்தில் பார்த்தால் ஏறத்தாழ 1.1 ஜிபி செலவாகும். 2.5 மெகாபிட் தேவைப்படும் 720பி தரத்தில் பார்த்தால் 2.8 ஜிபி ஆகும். நாளுக்கு 1.5 ஜிபி என்ற முன்கட்டணத் திட்டத்தில் இருப்பவரால் இரண்டாவது தரத்தில் படத்தை முடிக்க இயலாது. இடைவேளையைத் தாண்டியதுமே வரம்பு தீர்ந்துவிடும். அதன்பின் பெரிய நிறுவனங்களின் திட்டங்களில் வேகம் 64 கிலோபிட்டாகக் குறைக்கப்படுகிறது. அந்த வேகத்தில் 144பி காணொலிகூட ஓடாது. 2024 ஜூலை கட்டண உயர்வுக்குப் பின்னர், ஜியோவும் ஏர்டெல்லும் வரம்பற்ற 5ஜி தரவை நாளுக்கு 2 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட திட்டங்களுக்கு மட்டுமே வழங்கத் தொடங்கின. 5ஜி திறன்பேசி வைத்திருந்தும் பலர் தரவை எண்ணி எண்ணிச் செலவிடுவதற்கு இதுவே காரணம்.

குறை திறன்பேசியிலும் இருக்கலாம்

இணைப்பு நன்றாக இருந்தும் எச்.டி. தரம் கிடைக்காததற்குக் கருவியே காரணமாக இருப்பதுண்டு. படங்கள் திருடப்படாமல் காக்க, ஆண்ட்ராய்டு திறன்பேசிகளில் கூகுளின் வைட்வைன் என்ற பாதுகாப்பு அமைப்பு பயன்படுத்தப்படுகிறது. அதன் எல்1 நிலைச் சான்று பெற்ற கருவிகளுக்கே பெரும்பாலான ஓடிடி தளங்கள் எச்.டி. தரத்தை அனுமதிக்கின்றன. எல்3 நிலையில் உள்ள கருவி எவ்வளவு வேகமான இணைப்பில் இருந்தாலும், உயர்ந்த சந்தாவைச் செலுத்தியிருந்தாலும், அதற்குக் கிடைப்பது சாதாரணத் தரமே. திறன்பேசியின் விலைச் சீட்டில் இத்தகவல் அச்சிடப்படுவதில்லை. அந்தந்தச் செயலியின் அமைப்புகள் பகுதியிலோ, வைட்வைன் நிலையைக் காட்டும் இலவசச் செயலிகளிலோ இதைச் சரிபார்க்கலாம்.

காணொலியைச் சுருக்கும் முறைகளும் வேறுபடுகின்றன. 2003-இல் வெளியான எச்.264 முறை ஏறக்குறைய எல்லாக் கருவிகளிலும் இயங்கும். 2013-இல் வந்த எச்.இ.வி.சி., அதே தெளிவை ஏறத்தாழப் பாதித் தரவில் தர வல்லது. 2018-இல் வெளியான ஏவி1 முறை அதைவிடவும் சிக்கனமானது. ஆண்ட்ராய்டு செயலியில் நெட்பிளிக்ஸ் 2020 பிப்ரவரியில் அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. ஆனால் ஏவி1 காணொலியை விரித்துக் காட்டுவதற்கான தனிச் சுற்று சிப்பில் இல்லாவிட்டால், முழுச் சுமையும் மையச் செயலி மீது விழும். கருவி சூடாகி, மின்கலம் விரைவில் தீரும். தரவைச் சேமிக்கும் நவீன முறை விலை உயர்ந்த திறன்பேசிகளுக்கு முதலில் கிடைப்பதும், தரவைச் சேமிக்க வேண்டிய நிலையில் இருப்பவரிடம் பழைய கருவி இருப்பதும் இத்துறையின் முரண்.

நேரலையின் நெருக்கடி

திரைப்படத்தை முன்கூட்டியே பார்வையாளரின் ஊருக்கு அருகிலுள்ள சர்வர்களில் சேமித்து வைக்கலாம். கிரிக்கெட் நேரலைக்கு அந்த வாய்ப்பு இல்லை. 2019 உலகக் கோப்பையின் இந்தியா-நியூசிலாந்து அரையிறுதியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 2.53 கோடி பேர் பார்த்தனர். 2023 ஐபிஎல் இறுதியின்போது ஜியோசினிமாவில் 3.2 கோடியைத் தொட்ட இந்த எண்ணிக்கை, 2023 நவம்பர் 19 அன்று நடந்த உலகக் கோப்பை இறுதியின்போது டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரில் 5.9 கோடியாக உயர்ந்தது. அந்த உலகக் கோப்பை, திறன்பேசிகளில் கட்டணமின்றி ஒளிபரப்பானது. விக்கெட் விழும் நொடியில் லட்சக்கணக்கானோர் ஒன்றாக உள்ளே நுழைவதும், இந்திய நட்சத்திர ஆட்டக்காரர் வெளியேறியதும் ஒன்றாக வெளியேறுவதும் சர்வர்களுக்குப் பெரும் சோதனை. 2022 கத்தார் கால்பந்து உலகக் கோப்பையின் தொடக்க நாளில் ஜியோசினிமாவில் காணொலி நின்று நின்று ஓடியதாகச் சமூக ஊடகங்களில் புகார்கள் குவிந்தன.

நேரலை, தொலைக்காட்சியைவிடப் பிந்தி வருவதும் மனநிறைவைக் குலைக்கிறது. பக்கத்து வீட்டு ஆரவாரத்தில் சிக்சர் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. எச்.எல்.எஸ். முறையில் ஆப்பிள் பரிந்துரைக்கும் துண்டின் நீளம் 6 நொடி. மூன்று துண்டுகள் இருப்பில் சேர்ந்தபின் ஓடத் தொடங்கும் செயலியில் 18 நொடிகள் அங்கேயே போய்விடுகின்றன; சுருக்குவதற்கும் அனுப்புவதற்குமான நேரம் தனி. இருப்பைக் குறைத்தால் தாமதம் குறையும், தடங்கல் கூடும். நேரலை வழங்கும் ஒவ்வொரு நிறுவனமும் இவ்விரண்டுக்கும் இடையே ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுக்கிறது. பார்வையாளரிடம் அது கேட்கப்படுவதில்லை.

விதிகள் எதை அளக்கின்றன?

அகண்ட அலைவரிசைக்கான குறைந்தபட்ச வேகம் 512 கிலோபிட்டாக இருந்ததை, 2023 ஜனவரியில் மத்திய அரசு 2 மெகாபிட்டாக உயர்த்தியது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2024 ஆகஸ்ட் 2 அன்று வெளியிட்ட புதிய சேவைத் தர விதிகள் அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. தாமதம், தாமதத்தின் ஏற்ற இறக்கம், தரவுப் பொதி இழப்பு ஆகியவை அவற்றில் கவனம் பெறுகின்றன. மும்மாதக் கணக்குக்குப் பதிலாக மாதந்தோறும் தரத்தை மதிப்பிடும் முறையும் கொண்டுவரப்பட்டது. நகரங்களில் நடத்தும் களப் பரிசோதனைகளில், காணொலி தொடங்க ஆகும் தாமதத்தையும் டிராய் பதிவு செய்கிறது.

இவை வரவேற்கத்தக்க முன்னேற்றங்கள். ஆயினும் களப் பரிசோதனை பெரும்பாலும் சாலையில், வாகனத்தில் நடப்பது. காணொலி பெரும்பாலும் சுவர்களுக்குள் பார்க்கப்படுவது. 5ஜி சேவைக்குப் பயன்படும் 3,300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை, கான்கிரீட் சுவர்களைக் கடக்கும்போது வெகுவாக வலுவிழக்கிறது. கட்டடங்களின் உள்ளே இணைப்பு எவ்வாறு உள்ளது என்பதைக் கொண்டு அவற்றுக்குத் தரக் குறியீடு வழங்கும் விதிகளை 2024 அக்டோபரில் டிராய் வெளியிட்டது இதை உணர்ந்துதான்.

சேவை 24 மணிநேரத்துக்கு மேல் ஒரு மாவட்டத்தில் முடங்கினால், வாடிக்கையாளருக்குக் கட்டணக் கழிவோ கூடுதல் செல்லுபடிக் காலமோ வழங்க வேண்டும் எனப் புதிய விதிகள் கூறுகின்றன. ஒரு மணிநேர ஆட்டத்தில் பத்து முறை, ஒவ்வொரு முறையும் ஆறு நொடி நிற்கும் காணொலி இந்தக் கணக்குகள் எதிலும் வராது. 2012 ஆய்வின்படி பார்வையாளர் பார்க்கும் நேரத்தைக் குறைப்பதற்கு அதைவிடக் குறைந்த தடங்கலே போதும்.

யாரிடம் முறையிடுவது?

தடங்கல் ஏற்படும்போது குறை இணைய நிறுவனத்திடம் உள்ளதா, ஓடிடி தளத்திடம் உள்ளதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். வேறு இரண்டு தளங்களின் காணொலியைத் திறந்து பார்க்கலாம். அனைத்தும் நின்றால் இணைப்பில் குறை. ஒன்று மட்டும் நின்றால் அந்தத் தளத்தின் பக்கம் குறை இருக்கவே வாய்ப்பு அதிகம். குறிப்பிட்ட செயலியை மட்டும் வேண்டுமென்றே மெதுவாக்க, 2018 ஜூலையில் மத்திய அரசு ஏற்ற இணையச் சமத்துவ நெறிகளின்படி தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு உரிமை இல்லை. வைஃபையிலிருந்து கைப்பேசித் தரவுக்கு மாறிப் பார்ப்பதும், தானியங்கித் தரத்தை விட்டுவிட்டு 480பி எனக் கைப்பட நிர்ணயிப்பதும் பல நேரங்களில் பலன் தரும்.

இணைப்பு குறித்த புகாரை முதலில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை மையத்தில் பதிவு செய்து, புகார் எண்ணைப் பெற வேண்டும். தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பை நாடலாம். தனிநபர் புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை. ஓடிடி தளங்களுக்கான 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின் மூன்றடுக்குக் குறைதீர்ப்பு முறை, படங்களின் உள்ளடக்கம் பற்றியது. காணொலி நிற்பது அதன் வரம்பில் இல்லை. சந்தா செலுத்தியும் அறிவித்த தரம் கிடைக்காதவர்களுக்கு எஞ்சியிருப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே. தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் தொலைபேசி எண் 1915.